குழாயை விடுங்கள், கணக்கைப் படியுங்கள்!

ஹைட்ரோபோனிக்ஸ், அதாவது மண்ணில்லா விவசாயம் என்ற பேச்சு எழுந்தாலே இரண்டு கூட்டம் கிளம்பிவிடுகிறது. "இனி மண்ணே வேண்டாம், குழாயில் பயிர் வைத்தால் கோடீஸ்வரன்" என்கிறது ஒன்று. "அது ரசாயனக் காய், தொடாதே" என்கிறது மற்றொன்று. இரண்டுமே தவறு!

முதல் கூட்டத்தார் ஒருமுறை திருக்கோவிலூர் பக்கம் வந்து பார்க்கட்டும். தென்பெண்ணைக் கரையில் விளைவது நெல்லும் கரும்பும். கீரையைக் குழாயில் வளர்க்கலாம், சரி. ஆலைக்கு அனுப்பும் கரும்பை அப்படி வளர்த்தால் கட்டுப்படியாகுமா?

இரண்டாவது கூட்டத்துக்கு ஒரு கேள்வி. செடி எருவை அப்படியே தின்கிறதா? இல்லை. மண்ணின் நுண்ணுயிர்கள் எருவைச் சிதைத்து அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றித் தருகின்றன. அதைத்தான் வேர் உறிஞ்சுகிறது. தொழுவுரத்திலிருந்து வந்த நைட்ரேட்டும் உப்பிலிருந்து வந்த நைட்ரேட்டும் வேருக்கு ஒன்றுதான்.

1860களில் ஜெர்மனியில் சாக்ஸும் க்னாப்பும் உப்புக் கரைசலில் செடி வளர்த்தது மண்ணை ஒழிக்க அல்ல, செடிக்கு எது தேவை என்று அறிய. ஒரு சத்தை மட்டும் நீக்கிப் பார்த்தால் செடியே பதில் சொல்லிவிடும். இன்று அந்தப் பட்டியலில் 17 தனிமங்கள். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் காற்றிலும் நீரிலும் கிடைத்துவிடும். மீதி 14ம் வேர் வழியாக வர வேண்டும். ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டாது. 1939ல் ஆர்னனும் ஸ்டவுட்டும் வகுத்த விதி இது.

நம் வயலில் நடப்பது என்ன? பயிர் வெளுத்தால் யூரியா, வளரவில்லை என்றால் இன்னும் யூரியா! நெற்பயிரில் துத்தநாகம் குறைந்தால் இலையில் துருப்புள்ளி விழும். 'கைரா' என்ற அந்த நோய்க்குக் காரணம் கிருமி அல்ல, துத்தநாகக் குறைவு என்று 1966ல் பந்த்நகரில் நேனே கண்டறிந்தார். அங்கே எத்தனை மூட்டை யூரியா கொட்டினாலும் என்ன பயன்?

இதில் விவசாயியைக் குறை சொல்வது அநியாயம். 2010ல் வந்த சத்து அடிப்படையிலான உர மானியத் திட்டம் யூரியாவைத் தொடவில்லை. அதன் விலை அரசின் கட்டுப்பாட்டிலேயே நின்றது. மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலை ஏறியது. மலிவானதைத்தானே கை எடுக்கும்?

2015ல் தொடங்கிய மண்வள அட்டை 12 விவரங்களைத் தருகிறது. அதில் அமில காரத் தன்மை, மின்கடத்துதிறன் இரண்டும் ஹைட்ரோபோனிக்ஸ்காரர் தினமும் அளந்து பார்ப்பவை. அதே கவனம் வயலுக்கும் வேண்டாமா? அட்டையைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது, அதைப் படித்து விளக்க ஊருக்கு ஊர் ஆள் வேண்டும். உர விலையின் கோணலும் நிமிர வேண்டும்.

மாணவர்களும் சும்மா இருக்க வேண்டாம். இரண்டு பாட்டில், இரண்டு நாற்று. ஒன்றில் எல்லாச் சத்தும், மற்றொன்றில் இரும்பு மட்டும் இல்லை. சில வாரங்களில் இளம் இலை மஞ்சளாகும். நூறு பக்கப் பாடத்தை அந்த இலை ஒன்றே சொல்லிவிடும்!