போனில் பதிந்த பாட்டென்றால் மட்டமா?



கொஞ்ச நாளாக எழுத நினைத்த விடயம் இது. பதிவு நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

யூடியூப்பில் கொஞ்சம் தேடினால் இப்போது ஒரு வகைப் பாட்டுகள் கிடைக்கின்றன. பெரிய வாத்தியக் குழு இல்லை, ஸ்டூடியோ இல்லை. ஒரு அறை, ஒரு கிற்றார், ஒரு குரல், அவ்வளவுதான். பாடுகிறவரே எழுதி, மெட்டுப் போட்டு, வீட்டில் பதிந்து வெளியிடுகிறார். சென்னையில் கபேர் வாசுகி போன்றவர்கள் சினிமா வாய்ப்புக்குக் காத்திராமல், சாதாரணப் பேச்சுத் தமிழில் எழுதிய சொந்தப் பாட்டுகளைக் கிற்றாரோடு பாடி, இணையத்திலேயே தமக்கென்று கேட்பவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இது எங்களுக்குப் புதிதும் இல்லை. 1960களின் கடைசியிலும் 70களிலும் இலங்கையில் தமிழ்ப் பொப்பிசை எழும்பியதை மூத்தவர்கள் அறிவீர்கள். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ பாட்டைக் கேளாத வீடு குறைவு. விவசாயம் படித்த ஒரு இளைஞர் கிற்றாரோடு ஊர்ப் பேச்சில் பாடிய பாட்டு அது. இந்தியச் சினிமாப் பாட்டைப் பிரதி பண்ணாததால்தான் இன்றைக்கும் அது எங்கட பாட்டாக நிற்கிறது.

ஆனால் இன்று எங்கள் பிள்ளை ஒன்று அதே வேலையைச் செய்தால் நாங்கள் என்ன செய்கிறோம்?

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி, தானே எழுதிய நாலு வரியை வீட்டுக்குள் இருந்து பாடிப் போட்டிருந்தாள். பின்னால் கோழி கத்துவதும் கேட்டது. கீழே வந்த கருத்துகளைப் பாருங்கள்: “முதல்ல மைக் வாங்கு”, “சுதி எங்க?”, “கோழிதான் நல்லாப் பாடுது”. இரண்டு நாளில் அந்தப் பதிவே இல்லை, அழித்துவிட்டாள். அதே பிள்ளை கரோக்கே போட்டு ஒரு சினிமாப் பாட்டைப் பாடியிருந்தால் கைதட்டியிருப்போம். மற்றவரின் பாட்டை மினுக்கிப் பாடினால் திறமை, தன் பாட்டைத் தன் குரலில் பாடினால் பகிடி. இது என்ன நியாயம்?

அமெரிக்காவில் எலிசபெத் கொட்டன் என்றொரு கறுப்பினப் பெண்மணி இருந்தார். 1893இல் பிறந்தவர். இடது கைப் பழக்கம், ஆகவே கிற்றாரைத் தலைகீழாகப் பிடித்துத் தானாகவே வாசிக்கப் பழகினார். சிறுமியாக இருந்தபோதே, வீட்டுக்கு அருகில் ஓடிய சரக்கு ரயிலைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். பிறகு, இது உலக ஆசைப் பாட்டு என்று தேவாலயத்தில் சொன்னதால் கிற்றாரையே கைவிட்டார். பல வருடங்கள் கழித்து, அவர் வீட்டு வேலை செய்த குடும்பத்தின் மகன் மைக் சீகர் அவருடைய பாட்டுகளை அவர் வீட்டிலேயே ரேப்பில் பதிந்தார். 1958இல் அது இசைத்தட்டாக வந்தது. 1985இல், 90 வயதைக் கடந்த அந்த மூதாட்டிக்குக் கிராமி விருது கிடைத்தது.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. 1957இல் அந்த ரயில் பாட்டு பிரித்தானியாவில் பிரபலமானபோது எழுதியவர்கள் என்று வேறு ஆட்களின் பெயர்தான் இருந்தது. தன் பாட்டுக்குத் தன் பெயரைப் பெற அவர் பிறகு போராட வேண்டியிருந்தது.

இப்போது எங்கள் மண்ணுக்கு வருவோம். 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு முஸ்லிம்கள் கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு புத்தளம் போனார்கள். 2009இல் வன்னித் தமிழ் உறவுகள் அதையும் எடுக்க முடியாமல் செட்டிகுளம் முகாம்களுக்கு வந்தார்கள். இரண்டு சனத்தின் வீடுகளிலும் அல்பங்கள் போயின, கசெட்டுகள் போயின. ஒரு கலியாண வீட்டுக் கசெட்டில் பாடிய மாமியின் குரல் இனித் திரும்பாது. மிஞ்சியது ஞாபகத்தில் இருப்பது மட்டும்தான். தாலாட்டு, அருவி வெட்டுப் பாட்டு, கூத்துப் பாட்டு, பெண்கள் கூடினால் பாடும் கவி, றபான் அடித்துப் பாடும் பாட்டு. அவற்றை அறிந்த உம்மம்மாமாரும் அம்மம்மாமாரும் ஒவ்வொருவராக எங்களை விட்டுப் போகிறார்கள்.

ஆகவே வன்னியில் வீட்டுக்குள் பதிகிற பாட்டை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ள என்னால் முடியவில்லை. பின்னால் கேட்கும் கோழிச் சத்தமும் எங்கள் ஊரின் சாட்சிதான். ஸ்டூடியோவில் அதை வாங்க முடியாது.

இசைக்கருவி கூடுமா, கூடாதா என்று எங்கள் சமூகத்தில் கேட்பார்கள். உலமாக்களுக்கிடையே கருத்து வேறுபாடு உள்ள விடயம், அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. உங்கள் மனம் ஒப்பாவிட்டால் கருவி வேண்டாம். நான் கேட்பது குரலை. பிள்ளையைத் தூங்கவைத்த தாலாட்டைப் பதிந்து வைக்கக் கிற்றார் தேவையில்லையே.

இளைஞர்களே, செலவில்லாத வேலை இது. மின்விசிறியை நிறுத்துங்கள். துணிமணி, மெத்தை உள்ள அறையில் எதிரொலி குறையும். அழைப்பு வந்து குழப்பாதபடி போனை விமான நிலைக்கு மாற்றி, ஒரு முழம் தள்ளி வையுங்கள். பாடுபவரின் சம்மதத்தை முதலில் கேளுங்கள். பாட்டுக்கு முன் அவரின் பெயர், ஊர், திகதி, யாரிடம் பழகினார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். ஒரு பிரதியை மெமரி கார்டிலும் இன்னொன்றை வேறு உறவினர் வீட்டிலும் வையுங்கள். ஒரே இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எல்லாவற்றையும் இணையத்தில் போடவேண்டும் என்றில்லை. குடும்பத்துக்குள் இருக்கட்டும் என்றால் இருக்கட்டும்.

பெரியவர்களே, ஒரு பிள்ளை தன் பாட்டைப் போட்டால் முழுதாகக் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள். சுதி பிழைத்தால் உள்பெட்டியில் அன்பாகச் சொல்லுங்கள், சபையில் வேண்டாம். பகிர்ந்தால் பாடியவரின் பெயரோடு பகிருங்கள்.

சுதி பழகப் பழக வரும். சிரித்து அடக்கிய குரல் திரும்ப வருவது கஷ்டம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது பழைய பாட்டொன்று தெரியுமா? கீழே எழுதுங்கள். முடிந்தால் இந்த வெள்ளிக்கிழமை பின்னேரமே போய்ப் பக்கத்தில் இருந்து பதியுங்கள்.