மங்கியது யாருடைய கண்?

ஓவியர் மோனேயின் நிலக்காட்சிகளில் உருவங்கள் ஒளியில் கரைந்துபோவது அவர் கண்ணில் விழுந்த புரையின் விளைவேயன்றி, யதார்த்தத்தைப் பற்றிய விசாரம் எதுவுமில்லை என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். வருஷக் கணக்கைப் பார்த்திருந்தால் இந்தச் சிரமம் அவருக்கு நேர்ந்திராது. வைத்தியர்கள் புரையைக் கண்டது 1912-இல், ல ஹாவ்ர் துறைமுகத்துச் சூரியோதயத்தை மோனே தீட்டியதோ 1872-இல்.

அந்தச் சித்திரத்தில், நீலஞ்சாம்பல் மூடுபனியின் நடுவே செம்மஞ்சளாய் எரியும் அச்சிறு வட்டத்தைக் கறுப்பு வெள்ளை நகலில் தேடுகிறவருக்கு, படகுகள் அப்படியே நிற்க, சூரியன் மட்டும் ஏறக்குறைய மறைந்தே போய்விடுகிறது. ஏனெனில் அதன் பிரகாசத்தை, சுற்றியுள்ள வானத்தின் பிரகாசத்துக்குச் சமமாக வைத்து, வர்ணத்தால் மட்டுமே அதைப் பிரித்துக் காட்டியிருக்கிறார் மோனே. வர்ணமறியும் நம் புலன் ‘இதோ’ என்கிறது, ஒளியின் அளவறியும் புலன் ‘எங்கே?’ என்கிறது, இவ்வழக்குத் தீராததால்தான் அச்சூரியன் துடிக்கிறது. புரை விழுந்த கண்ணா இத்தனை நுட்பமாக நிறுத்துப் பார்க்கும்?

ருவான் தேவாலயத்தை, வேளைக்கு வேளை மாறும் ஒளியில், முப்பது முறைக்கு மேல் தீட்டியவரிடம், அவற்றுள் அசல் முகப்பு எது என்று கேட்கிறாரே நண்பர், அவர் அதைப் பார்க்கக் காலையில் போவாரா, மாலையில் போவாரா என்பதை முதலில் சொல்லட்டும்.