புது ஸ்பிரிங்தானே, எதுக்கு அளக்கணும்?



ஸ்பிரிங் டெஸ்ட் அன்று நம் லேபில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒருவன் அளப்பான், மற்ற எல்லோரும் எழுதுவோம். அந்த ஒருவனும் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறவன் என்றால் கேட்கவே வேண்டாம்! "புது ஸ்பிரிங்தானே, எதுக்குடா அளக்கணும்?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். அது எவ்வளவு தப்பு என்பதற்கு ஒரு துப்பாக்கியைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

அமெரிக்க ராணுவத்தின் எம்-16 ரைஃபிள். தோளில் அண்டக்கொடுக்கும் பின்கட்டைக்குள் ஒரு குழாய் இருக்கிறது. அதற்குள் பஃபர் என்ற எடைத்துண்டும் ஒரு நீளமான சுருள் ஸ்பிரிங்கும் உண்டு. சுட்டதும் போல்ட் பின்னால் ஓடி வந்து ஸ்பிரிங்கை அமுக்கும். ஸ்பிரிங் திருப்பித் தள்ளும்போதுதான் அடுத்த தோட்டா உள்ளே போகும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் போல்ட் சரியாக மூடாது. விறைப்பு அதிகமானால் முழுதாகப் பின்னால் வராது. இரண்டில் எது நடந்தாலும் சிப்பாய் கையில் இருப்பது வெறும் தடி!

அதனால்தான் அந்த ராணுவத்தின் பராமரிப்புக் கையேடு கண்ணை நம்பாமல் அளவு கொடுக்கிறது. அமுக்காத நிலையில் ஸ்பிரிங் நீளம் 11 3/4 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. 13 1/2 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. இதன் தம்பியான கார்பைனுக்கு 10 1/16 முதல் 11 1/4 வரை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கி வந்தால், பளபளப்பு காட்டிக்கொடுக்காது; ஸ்கேல் காட்டிக்கொடுக்கும்.

சரி, நீளம் மட்டும் போதுமா? போதாது என்பதே என் கட்சி. ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. நாம் பரீட்சைக்கு உருப்போட்ட அதே சூத்திரம்தான்! 2 மி.மீ. கம்பி இருக்க வேண்டிய இடத்தில் 1.9 மி.மீ. இருந்தால் விறைப்பு 18 சதவீதத்துக்கு மேல் குறைந்துபோகும். நீளம் அப்படியே இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்குரூ கேஜ் வைத்தால்தான் தெரியும். சுற்றுகளை எண்ண வேண்டும், சுருளின் விட்டம் பார்க்க வேண்டும், எடை ஏற்றி எவ்வளவு அமுங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். இன்னொன்று: புது ஸ்பிரிங் முதல் சில முறை அமுங்கியதும் கொஞ்சம் நீளம் குறைவதுண்டு. ஆகவே நாலைந்து முறை அமுக்கிவிட்டு அளப்பதே நியாயம்.

நாம் ஏன் காப்பி அடிக்கிறோம்? சோம்பல் பாதி. ரீடிங் ஒத்துவராவிட்டால் மார்க் போய்விடுமே என்ற பயம் மீதி. ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். ஆளுக்கொரு ஸ்பிரிங் கொடுங்கள் சார். வந்த அளவை உள்ளபடி எழுதியவனுக்கு மார்க் குறைக்காதீர்கள். ஏன் மாறி வந்தது என்று கேளுங்கள், பதில் சொல்கிறோம்.

நாளை நம்மில் பலர் ஏதோ ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் உட்கார்ந்து 'ஓ.கே.' என்று கையெழுத்துப் போடப்போகிறோம். அந்தப் பாகத்தை வாங்கி வண்டியில் மாட்டுகிறவன் கையில் ஸ்குரூ கேஜ் இருக்காது. அவன் நம்புவது நம் கையெழுத்தை மட்டும்தான்!

சிந்திப்போம் நண்பர்களே!

— மூன்றாமாண்டு மாணவன், டி.எம்.இ.