நூலகமும் ஆக்கவுரிமைத் தேடலும்

ஆக்கவுரிமை ஆவணங்களைத் தேடுதல் சட்டத்தரணியின் தொழில், நூலகரின் தொழிலன்று என்னுங் கருத்து பல்கலைக்கழக வட்டாரங்களிலே ஆழ வேரூன்றியுள்ளது. தமிழகத்திற் காப்புரிமை என வழங்கும் இவ்வுரிமை, பொறியியலாளர்க்கும் மருந்துக் கம்பனிகளுக்கும் மட்டுமே உரிய விடயமென எண்ணி, உசாத்துணைப் பகுதியினர் அதனை வாசற்படிக்கு வெளியே நிறுத்திவிடுகின்றனர். இது தவறான கருத்து என்பது மட்டுமன்று. வறிய நாடொன்றின் பல்கலைக்கழகத்துக்குக் கேடு விளைப்பதுமாகும்.

மஞ்சள் வழக்கு யாவரும் அறிந்ததே. புண்ணை ஆற்றுதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் ஐக்கிய அமெரிக்காவிலே மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையம் ஆக்கவுரிமை பெற்றது. எங்கள் பாட்டிமார் அறிந்த செய்தி இது என்று சொல்வதாற் பயனேதும் விளைந்திராது. பிறநாட்டு மக்களின் வழக்கத்தை அந்நாளைய அமெரிக்கச் சட்டம் சான்றாகக் கொள்ளவில்லை. வெளியிடப்பட்ட எழுத்தையே கேட்டது. இந்தியாவின் அறிவியல், கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் வடமொழி நூல்கள், 1953இல் இந்திய மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் வந்த கட்டுரை என்பன உட்பட 32 சான்றுகளைத் திரட்டிக் கொடுத்த பின்னரே 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. இத்திரட்டுதல் நூலக வேலையன்றி வேறு யாது?

இன்னும் நுண்ணியதொரு செய்தியுண்டு. ஜேர்மனியின் பிறைபேர்க் பல்கலைக்கழக நூலகத்திலே பட்டியலாக்கப்பட்டிருந்த ஒரேயொரு கலாநிதிப்பட்ட ஆய்வேடு, ஓர் ஆக்கவுரிமை விண்ணப்பத்தை முறியடிக்கப் போதுமானது என அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 1986இல் தீர்த்தது. மூன்றாண்டுகளின் பின் மற்றொரு வழக்கில், கல்லூரியொன்றின் மாணவர் ஆய்வேடுகளை அதே நீதிமன்றம் சான்றாக ஏற்கவில்லை. அவற்றின் அட்டைகள் பொருள்வாரியாகவன்றி ஆசிரியர் பெயர்வாரியாகவே அடுக்கப்பட்டிருந்தன. இரசாயனத் துறையிலோ அவை சப்பாத்துப் பெட்டியொன்றிற் கிடந்தன! ஆய்வேடு இருந்தது; ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கு அது இல்லை. பட்டியலாக்கத்தை எழுதுவினைஞர் வேலையென இகழ்வோர் இவ்விரு தீர்ப்புகளையும் ஒருமுறையேனும் படித்தல் நன்று.

இணையத்தில் யாவும் இலவசமாகக் கிடைக்கும்போது நூலகரின் துணை எதற்கு என்று வினவுவோருமுளர். ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தின் எஸ்பாசினெற் 1998 முதல் திறந்திருக்கின்றது. அதில் இன்று 15 கோடிக்கு மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. உலகப் புலமைச் சொத்து அமைப்பின் பேற்றன்ற்ஸ்கோப், 2006இல் வந்த கூகிள் பேற்றன்ற்ஸ், ஆய்வுக் கட்டுரைகளையும் ஆக்கவுரிமைகளையும் இணைத்துக் காட்டும் லென்ஸ் என்பனவும் உண்டு. ஆனால், கதவு திறந்திருத்தல் வேறு, உள்ளே வழி தெரிதல் வேறு. உரிமையின் எல்லையை அகலப்படுத்த விரும்பும் விண்ணப்பகாரர் பொதுச்சொற்களையே நாடுவர். மஞ்சளின் பெயர் தலைப்பில் இல்லாமலும் போகலாம். ஏ61கே 36/9066 என்னும் பகுப்பெண்ணை அறிந்தவருக்கே அத்தாவரம் பற்றிய ஆவணங்கள் ஒருங்கே அகப்படும். விண்ணப்பம் எது, வழங்கப்பட்ட உரிமை எது என வேறுபாடறியாது இரண்டையும் ஒன்றாக மேற்கோள் காட்டும் ஆய்வேடுகளும் எழுதப்படுகின்றன. ஓர் ஆக்கவுரிமை அது பெறப்பட்ட நாட்டில் மட்டுமே செல்லுபடியாகும்; இலங்கையிற் பதியப்படாத கண்டுபிடிப்பை இலங்கையர் இங்கு எடுத்தாளத் தடையில்லை. இவ்வளவையும் எந்தத் தேடுபொறியும் தானாகக் கற்பிப்பதில்லை. ஐக்கிய அமெரிக்கா 1871இலேயே அச்சிட்ட ஆக்கவுரிமைகளை நூலகங்களுக்கு வழங்கச் சட்டமியற்றியது. அதன் வழிவந்த நூலகங்களில் இன்றும் இதற்கெனப் பயிற்சி பெற்றோர் உள்ளனர்.

ஆக்கவுரிமை என்பதே ஏகபோகத்தின் கருவி, அதனைக் கற்பித்தல் பன்னாட்டுக் கம்பனிகளுக்கு ஊழியஞ் செய்தலாகும் என வாதிக்கும் இடதுசாரி விரிவுரையாளரின் சினத்தில் நியாயமுண்டு. முடிவில் மட்டும் நியாயமில்லை. வேம்பெண்ணெய் கொண்டு பங்கசை அடக்கும் முறைக்கு வழங்கப்பட்ட ஐரோப்பிய உரிமை 2000இல் நீக்கப்பட்டு, 2005இல் அந்நீக்கம் உறுதியானது. எதிர்த்தோர் அந்த ஆவணத்தை வரிவரியாகப் படித்தே எதிர்த்தனர்.

யாழ்ப்பாணத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் முதலான மருத்துவ நூல்கள் "மருத்துவம் - தமிழ்" என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடங்குமாயின் அவற்றின் நிலை அச்சப்பாத்துப் பெட்டியின் நிலையே. மூலிகைப் பெயர், தாவரவியற் பெயர், நோய்ப் பெயர் என்பன கொண்ட சுட்டி அவற்றுக்கு வேண்டும்.

ஆளணி போதாது என்பது வழக்கமான விடை. ஆயினும் ஆய்வேட்டை ஒப்படைக்கும் மாணவர் நிரப்பும் படிவத்தில் ஒரு வினாவைச் சேர்த்தற்கு ஆளணி வேண்டியதில்லை: இவ்வாய்வின் பயனாக ஆக்கவுரிமை விண்ணப்பம் கருதப்படுகின்றதா? ஆம் எனின், விண்ணப்பம் பதியப்படும்வரை அந்த ஆய்வேட்டை எண்ணிமக் களஞ்சியத்தில் ஏற்றாது வைத்தல் வேண்டும். ஐரோப்பாவிலே முன்கூட்டி வெளியானதொன்று பொதுவாகப் புதுமையெனக் கொள்ளப்படுவதில்லை. நூலகம் நல்லெண்ணத்தோடு ஒரு நாள் முந்தித் திறந்துவிடினும் அங்கே அம்மாணவரின் உரிமை போய்விடும்.