வயிற்றுக்கும் உண்டு ஷிப்ட்



ராத்திரி எட்டரை மணிக்கு மேல் திருப்பூர் பக்கம் மங்கலம் நால்ரோட்டில் நின்று பாருங்கள். பனியன் கம்பெனி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போகும். ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவர்கள். அந்த நேரத்தில் விசைத்தறிக் கூடங்களில் நைட் ஷிப்ட்காரர்கள் தறியை ஓட்ட ஆரம்பித்திருப்பார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளை ஏதோ கேட்க, அம்மா எரிந்து விழுகிறார். 'வேலை அலுப்பு' என்கிறோம். வருஷா வருஷம் எடை ஏறுகிறது. 'நாளெல்லாம் உட்கார்ந்து தைத்தால் உடம்பு போடாமல் என்ன செய்யும்?' என்கிறோம். காலையில் வயிறு சரியாகப் போவதில்லை. அதை யாரிடமும் சொல்வதே இல்லை. இந்த மூன்றையும் தனித்தனிச் சங்கடங்களாகவே பார்த்துப் பழகிவிட்டோம். மூன்றுக்கும் தொடர்பு இருக்கிறது, அதில் நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்குப் பங்கு உண்டு என்று கடந்த இருபது வருட ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

பாக்டீரியா என்றாலே நமக்கு நோய்க்கிருமிதான் ஞாபகம் வரும். ஆனால் ஒரு மனித உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டால் 200 கிராம்தான். பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைத் தின்று, அதிலிருந்து சில அமிலங்களை உண்டாக்கித் தருகின்றன. குடலின் உள்சுவருக்கு அதுதான் ஆகாரம்.

சரி, மனசுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? பரீட்சை அன்று பிள்ளைகளுக்கு வயிறு கலக்குவதைப் பார்த்திருக்கிறோமே! மனசிலிருந்து வயிற்றுக்குப் போகும் சேதி அது. வயிற்றிலிருந்து மூளைக்கும் சேதி போகிறது, வேகஸ் என்ற நரம்பு வழியாக. 2011இல் அயர்லாந்தின் கார்க் நகர விஞ்ஞானிகள் எலிகளுக்கு ஒருவகை லாக்டோபாசிலஸ் பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் பதற்றம் குறைந்தது. வேகஸ் நரம்பைத் துண்டித்த எலிகளுக்குக் கொடுத்தபோது ஒரு மாற்றமும் இல்லை.

எலிக்குச் சரி, மனிதனுக்கு? 2017இல் ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வால் அவதிப்பட்ட 67 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிப் பேருக்குப் பருப்பு, காய்கறி, முழுத் தானியம், மீன் என்று சாப்பாட்டை மாற்றிக்கொள்ள வழிகாட்டினார்கள். மறு பாதிப் பேருக்கு ஆறுதலாகப் பேச ஆள் வைத்தார்கள். மூன்று மாதத்தில் சாப்பாடு மாறியவர்களில் மூன்றில் ஒருவர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார். மறுபக்கம் நூற்றுக்கு எட்டுப் பேர்தான். ஏற்கெனவே எடுத்துவந்த சிகிச்சையை விடாமல்தான் இதைச் செய்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்னொன்று. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் பத்தில் ஒன்பது பங்கு குடலில் உருவாகிறது என்பதை வைத்து 'சந்தோஷமே வயிற்றில்தான்' என்று வீடியோக்கள் வருகின்றன. குடலில் உருவாகும் செரட்டோனின் நேராக மூளைக்குள் போவதில்லை. அந்த மாதிரிப் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

எடை விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜெஃப்ரி கார்டன் குழு 2013இல் ஒரு சோதனை செய்தது. இரட்டையரில் ஒருவர் குண்டு, ஒருவர் ஒல்லி. இருவரின் குடல் பாக்டீரியாக்களையும் எடுத்து, பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குச் செலுத்தினார்கள். குண்டானவரின் பாக்டீரியா போன எலிகளுக்குக் கொழுப்பு கூடியது. இரு வகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டபோது, ஒல்லியானவரின் பாக்டீரியாக்கள் மற்ற எலிகளிடமும் குடியேறிக் கொழுப்பைத் தடுத்தன. ஆனால் நார்ச்சத்து நிறைந்த தீனி போட்டபோது மட்டுமே இது நடந்தது. கொழுப்பு மிகுந்து காய்கறி, பழம் குறைந்த தீனியில் அவை குடியேறவே இல்லை.

நமக்கு இதில்தான் சேதி இருக்கிறது. கடையில் விற்கும், நல்ல பாக்டீரியா கலந்த புரோபயாடிக் பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு, மூன்று வேளையும் மைதாவும் பாலிஷ் அரிசியுமாகச் சாப்பிட்டால் என்ன பிரயோஜனம்? வேலைக்கு ஆளைக் கூட்டிவந்துவிட்டு சனிக்கிழமை சம்பளம் போடாத கம்பெனி மாதிரிதான். யார் தங்குவார்கள்?

ஊர்விட்டு ஊர் போவதும் பாக்டீரியாக்களை மாற்றிவிடுகிறது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய மோங், கரென் மக்களை மின்னசோட்டா பல்கலைக்கழகம் ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டது. போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே குடல் பாக்டீரியாக்களின் வகைகள் குறைய ஆரம்பித்தன. நார்ச்சத்தைச் செரிக்கும் வகைகள் காணாமல் போயின. உடல் பருமன் கூடியது. திருப்பூர் வட்டாரத்தில் பல வீடுகள் வெளியூரிலிருந்து வந்தவர்களின் வீடுகள்தானே? தேனியிலிருந்து, தஞ்சாவூரிலிருந்து, ஒடிசாவிலிருந்து, பீகாரிலிருந்து. ஊரில் பாட்டி போட்ட கம்மங்கூழ் இங்கே லைன் வீட்டில் கிடைக்குமா? காலையில் அவசரத்துக்குக் கடை இட்லி, ராத்திரி புரோட்டா பார்சல்.

நைட் ஷிப்ட்காரர்களின் கதை இன்னும் கஷ்டம். குடல் பாக்டீரியாக்களுக்கும் பகல், இரவு உண்டு. 2014இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில், அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வந்த இருவரிடம் பயணத்துக்கு முன்னும், நேரம் குழம்பியிருந்தபோதும், உடம்பு தேறிய பின்னும் பாக்டீரியாக்களைச் சேகரித்தார்கள். குழப்ப நேரத்துப் பாக்டீரியாக்களைப் பெற்ற எலிகளுக்கு எடையும் சர்க்கரையும் ஏறின. வாராவாரம் ஷிப்ட் மாறுகிறவரின் வயிறு என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். ஷிப்டை நாம் மாற்ற முடியாது. ராத்திரி ரெண்டு மணிக்குப் புரோட்டா, சால்னா என்று வயிறு முட்டச் சாப்பிடுவதையாவது தவிர்க்கலாம். வேலைக்குக் கிளம்புமுன் முழுச் சாப்பாடு, நடுச்சாமத்தில் ஒரு டம்ளர் மோர், கொஞ்சம் கடலை என்று பழகலாம்.

நாம் கைவிட்ட சாப்பாட்டை ஆஸ்பத்திரிகள் கையில் எடுத்திருக்கின்றன தெரியுமா? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜஸ்வந்த் தலைமையிலான குழு, குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு எப்படி உதவுகிறது என்று ஆராய முன்வந்தது. அதற்கு அரசு நிதியும் ஒதுக்கியது. சோறு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறும்போது நல்ல பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. ஆறிய சோற்றின் மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போய் அவற்றுக்குத் தீனியாகிறது. இட்லி மாவும் புளித்ததுதான். ஆவியில் வேகும்போது பாக்டீரியா செத்துவிடும். பழைய சோற்றிலும் மோரிலும் உயிரோடு இருக்கும். ஒடிசாக்காரர்கள் பழைய சோற்றையே பக்காளா என்கிறார்கள். மார்ச் 20ஆம் தேதியை அதற்கென்றே கொண்டாடுகிறார்கள். உங்கள் லைன் வீட்டில் ஒடிசாக் குடும்பம் இருந்தால் கேட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். ஒன்று மட்டும்: நல்ல குடிநீரில் ஊறவையுங்கள், மறுநாள் காலையிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அளவோடு.

இனி கம்பெனி முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கத்தை நீங்களும் படிக்கிறீர்கள் என்று தெரியும். சாயங்கால டீ டைமில் தட்டில் என்ன வருகிறது? பன், பப்ஸ், இல்லாவிட்டால் போண்டா. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி 100 கிராம் பாலிஷ் பச்சரிசியில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. கம்பு, ராகியில் 11 கிராம். கொண்டைக்கடலையில் 25 கிராம். ஒரு நாளைக்கு நமக்குத் தேவை சுமார் 30 கிராம். கை நிறைய சுண்டல் கொடுத்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு முடிந்தது. வாரத்தில் மூன்று நாளாவது செய்து பார்க்கலாமே?

பனியன் ஆர்டருக்கு நம்மோடு போட்டி போடும் டாக்காவில், சாப்பாட்டால் குடலைச் சீர்செய்ததற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. அங்கே மீர்பூர் குடிசைப் பகுதியில் எடை குறைந்த குழந்தைகளுக்குக் கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை, வாழைக்காய் சேர்த்த மாவை மூன்று மாதம் கொடுத்தார்கள். குடல் பாக்டீரியாக்களைச் சீர்செய்வதற்கென்றே உருவாக்கிய மாவு. வழக்கமான சத்துமாவைவிட இதில் கலோரி குறைவு. ஆனால் குழந்தைகள் நன்றாக வளர்ந்தார்கள். 2021இல் வந்த முடிவு இது. மாவில் இருந்த நான்கும் நம் மளிகைக் கடையிலும் காய்கறிக் கடையிலும் கிடைப்பவைதான்.

சாப்பாட்டைப் போலவே மருந்திலும் கவனம் வேண்டும். லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்களே என்று சளி, காய்ச்சலுக்கு மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை, கெட்ட கிருமியோடு நல்லதையும் சேர்த்து அழித்துவிடும். வைரஸ் சளிக்கு அது கேட்பதும் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள். எழுதிக் கொடுத்ததை முழுதாகச் சாப்பிடுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது என்றால் கைவைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. மனசு வாரக்கணக்கில் சோர்ந்தே கிடந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

சுண்டலோ கூழோ மோரோ கொடுக்கும் கம்பெனி உங்களுக்குத் தெரிந்தால், அங்கே அதை எப்படி நடத்துகிறார்கள், யார் சமைக்கிறார்கள், என்ன செலவாகிறது என்று எங்களுக்கு எழுதுங்கள். மற்ற கம்பெனிகளும் பார்த்துச் செய்ய வசதியாக, அடுத்த இதழில் விவரமாக வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்