ஜூன் 19: லேட்டா வந்த விடுதலையும் ஒரு கிட்னி கணக்கும்

1/ "அடிமை முறை ஒழிஞ்சு 150 வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் எதுக்கு அதுக்கு ஒரு லீவு?" ஒவ்வொரு ஜூன் 19-க்கும் இந்தக் கேள்வி வருது. ஒரு டாக்டரா பதில் சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ முதல்ல வரலாறு. லிங்கனோட விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1-ல அமலுக்கு வந்தது. ஆனா டெக்சாஸ்ல அதை நிறைவேத்த ஆளில்லை. 1865 ஜூன் 19-ல ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் கால்வெஸ்டன்ல ஆணையை அறிவிச்ச பிறகுதான் அங்க இருந்த சுமார் 2.5 லட்சம் பேருக்கு வழி பிறந்தது. ரெண்டரை வருஷம் லேட். அதோட நினைவுதான் ஜூன்டீன்த்.

3/ இந்தக் கொடுமைக்கு எங்க தொழிலும் துணை போயிருக்கு. அடிமைகள் தப்பி ஓடுறதே ஒரு மனநோய்னு 1851-ல சாமுவேல் கார்ட்ரைட்ங்கிற அமெரிக்க டாக்டர் எழுதினார். 'டிராப்டோமேனியா'ன்னு பேரும் வெச்சார். அதைத் தடுக்க அவர் சொன்ன வழிகள்ல சவுக்கடியும் ஒண்ணு! கறுப்பின மக்களோட நுரையீரல் கொள்ளளவு குறைவுன்னும் எழுதி, அடிமை வேலைக்கு நியாயம் கற்பிச்சார்.

4/ அடிமைச் சட்டம் போச்சு. "அவங்க உடம்பே வேற"ங்கிற நினைப்பு போகல. நுரையீரலைச் சோதிக்கிற ஸ்பைரோமீட்டர்ல, நோயாளி கறுப்பினம்னு குறிச்சா 'நார்மல்' அளவையே 10-15% குறைச்சுக் காட்டுற வழக்கம் பல வருஷம் இருந்தது. நிஜமான நோயும் நார்மலாத் தெரியும். இதைக் கைவிடச் சொல்லி அமெரிக்க நுரையீரல் மருத்துவர் சங்கம் பரிந்துரைச்சது 2023-லதான்.

5/ கிட்னி கதை இன்னும் மோசம். ரத்தத்துல கிரியாட்டினின் பார்த்து, கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு ஒரு ஃபார்முலாவுல கணக்கிடுவோம். 2009 ஃபார்முலாவுல கறுப்பினத்தவருக்கு மட்டும் விடையை 1.159-ஆல பெருக்கணும். அவங்களுக்குத் தசை அதிகம்ங்கிறது சொல்லப்பட்ட காரணம்.

6/ விளைவு? அமெரிக்காவுல இந்த அளவு 20 அல்லது அதுக்குக் கீழ வந்தாத்தான் மாற்று கிட்னிக்கான காத்திருப்புக் காலம் ஓட ஆரம்பிக்கும். அதே வயசு, அதே ரத்த ரிப்போர்ட். வெள்ளையருக்கு 19, வரிசையில இடம். கறுப்பினத்தவருக்கு 22, "அப்புறம் வாங்க."

7/ "அது டேட்டா சார், இனவெறி இல்ல"ம்பாங்க. சரி, அம்மா வெள்ளை, அப்பா கறுப்புன்னா எந்த எண்ணால பெருக்குவீங்க? தசையை யாரும் அளக்கல. ஃபாரத்துல ஒரு கட்டத்துல போட்ட டிக், ஒருத்தரோட கிட்னியைத் தீர்மானிச்சது. கெட்ட எண்ணம் தேவையே இல்ல, யாரும் கேள்வி கேட்காம இருந்தாலே போதும்.

8/ கேள்வி கேட்டாங்க. மாணவர்களும் டாக்டர்களும் விடாம கேட்டதால 2021-ல இனம் இல்லாத ஃபார்முலா வந்தது. 2023-லேர்ந்து, இழந்த காலத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க. 14,000-க்கும் மேற்பட்ட கறுப்பின நோயாளிகளுக்குச் சராசரியா 2 வருஷம் வரிசையில கூடுச்சு. வரிசை வர்றதுக்குள்ள செத்தவங்களுக்கு எதைத் திருப்பிக் கொடுக்கிறது?

9/ 1865-ல ரெண்டரை வருஷம் லேட். இங்க சராசரியா 2 வருஷம். அதனாலதான் இந்த நாள் வேணும். விடுதலைன்னு காகிதத்துல எழுதினது, கடைசி ஆள் வரைக்கும் போய்ச் சேர்ந்துச்சான்னு வருஷத்துக்கு ஒருமுறையாவது கணக்குப் பார்க்க.

10/ நம்ம ஊர்லயும் "அவங்க உடம்பு வாகு அப்படி, தாங்குவாங்க"ன்னு யாராவது சொன்னா, டாக்டரே சொன்னாலும், "எதை அளந்து சொல்றீங்க?"ன்னு கேளுங்க.