கூலிக் கணக்கே குலக் கணக்கு

இறம்பொடைப் பக்கத்துத் தோட்டங்களில் பழைய லயத்து வீடொன்றின் தகரப் பெட்டியைத் திறந்தால், சேலை மடிப்புகளுக்கு அடியிலே துணியிற் பொதிந்த சில காகிதங்கள் கிடைப்பதுண்டு. தோட்டத்தை விட்டு நீங்கிய நாளில் பாட்டனார் பெற்ற பற்றுச்சீட்டு, இலங்கைக்கு வரும் வழியில் மண்டபம் முகாமில் அளித்த சான்று, பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு வந்த பதில் என அவை பலவகைப்படும். அவற்றை உயிரெனப் போற்றி வைத்திருப்போரே அவற்றில் எழுதியிருப்பதை வாசிக்க இயலாதவராய் இருப்பது, என் மனத்தை நெடுநாளாய் வருத்திவரும் விஷயமாகும்.

ஜெர்மனி தேசத்துக் குடும்பங்களிலும் இதையொத்த ஒரு புத்தகம் உண்டு. உலகப் போர்க் காலத்துப் போர்வீரன் சட்டைப்பையிற் கொண்டு திரிந்த அப்புத்தகத்துக்குச் 'சோல்ட்புக்', அதாவது சம்பளப் புத்தகம், என்று பெயர். சம்பளத்துக்காக ஏற்பட்டதாயினும், அவன் எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தவன், என்ன உடுப்பும் ஆயுதமும் பெற்றான், எந்த வைத்தியசாலையிற் கிடந்தான் என்பனவெல்லாம் அதிலேயே பதிவாகி, அவனை இன்னானென்று காட்டும் அத்தாட்சியாகவும் அது விளங்கிற்று. ஆயினும் அக்காலத்தவர் பலர் எழுதிப் பழகிய 'குரெண்ட்' என்னும் கையெழுத்து முறை 1941ஆம் ஆண்டின் ஆணையோடு பள்ளிகளினின்று நீங்கிவிட்டமையால், பேரப்பிள்ளைகள் இன்று தம் தேசத்துப் பழைய எழுத்தையே அக்ஷரம் அக்ஷரமாகக் கற்று, படைப்பிரிவுகளின் சுருக்கக் குறிகளை ஒன்றொன்றாய் அவிழ்க்கிறார்கள். 1945 ஏப்ரலிற் போட்ஸ்டாம் நகரின்மீது குண்டுகள் விழுந்தபோது பிரஷ்யப் படையின் ஆவணங்களிற் பெரும்பகுதி எரிந்து போயிற்று. ஆகவே, முதல் உலகப் போரிற் சேவித்த பலருக்கு வீட்டுப் பெட்டியில் எஞ்சிய ஏடுகளே சாட்சியாயின.

நம் தோட்டத்துச் செக்ரோல் என்னும் கூலிக் கணக்கேடும் ஒரு சம்பளப் புத்தகமே. விடியற்காலையிற் பிரட்டுக்களத்திலே ஆட்களை எண்ணி, மாலையிற் கொழுந்தை நிறுத்து, கணக்கப்பிள்ளை அதில் 'பேர்' போட்டார். ஒரு நாள் உழைப்பு முழுமையாய் ஏற்கப்பட்டால் ஒரு பேர், குறை கண்டால் அரைப்பேர் என்று வழங்கும் நம் தோட்டத்துப் பேச்சிலேயே ஒரு சரித்திரம் அடங்கியிருக்கிறது. செப்பேட்டிலும் கல்லிலும் பெயர் பொறிக்கப் பெறாத எளிய மாந்தர்க்கு, அவர்கள் இந்த மலையில் வாழ்ந்தார்கள் என்பதற்கு நாள்தோறும் எழுதப்பட்ட சாட்சி அந்தக் கூலிக் கணக்கு ஒன்றே.

அச்சாட்சியின் மதிப்பு 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோதுதான் வெளிப்பட்டது. தானும் தன் தகப்பனும் இங்கே பிறந்தவர்களென்று நிரூபிக்கும்படி, பிறப்புப் பதிவே ஒழுங்காய் நிகழாத ஒரு சமூகத்தை அச்சட்டம் கேட்டது. அடுத்த ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமோ, 1946 ஜனவரிக்கு முன், மணமானவர்க்கு 7 ஆண்டும் மணமாகாதவர்க்கு 10 ஆண்டும் இடையறாத வாசத்தை வேண்டிற்று. ஊருக்குப் போன யாத்திரை 12 மாதத்தை எட்டினால் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. ஏறக்குறைய 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜைகளாக ஏற்கப்பட்டவர்களோ சுமார் 1,34,000 பேர். ஒரு தாளிற் 'கறுப்பன்' என்றும் மற்றொன்றிற் 'கருப்பையா' என்றும் எழுதப்பட்ட ஒரே மனிதன் இரு மனிதராகத் தோன்றும்போது, எழுத்தரின் பேனா ஒரு குடும்பத்தின் விதியையே எழுதிவிடுகிறது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டபோது, அண்ணன் ஒரு கரையிலும் தம்பி மறு கரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ.

ஆதலின், இக்காகிதங்களை வாசிப்பது பொழுதுபோக்கன்று; பிரிந்த உறவை மீண்டும் கோப்பதற்குரிய வழியாகும். 'ட்ரிச்சினோபொலி' என்பது திருச்சிராப்பள்ளி, 'டின்னிவெலி' என்பது திருநெல்வேலி என்று அறிந்தவன், ஆங்கில உச்சரிப்பிற் சிதைந்து கிடக்கும் தாலுகாவையும் கிராமத்தையும் ஊகித்துவிடலாம். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயரொன்றும் தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயரொன்றும் உண்டென்பதை மறவாதிருந்தால், பாட்டி வாய்மொழியாய்ச் சொன்ன ஊரும் தாளில் உள்ள ஊரும் ஒன்றென்பது விளங்கும். இவ்வறிவு எழுபது, எண்பது வயதைக் கடந்த பழைய கணக்கப்பிள்ளைமார் சிலரிடம் இன்னும் இருக்கிறது. அவர்களோடு அது மறைந்துவிடலாகாது.

தோட்டங்கள் 1972லும் 1975லும் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றது. இவ்வாறு கைமாறிய தோட்டங்களின் பழைய ஏடுகள் இந்த மலைப்பனியின் ஈரத்துக்கும் இராமபாணப் பூச்சிக்கும் நெடுங்காலம் தாங்கமாட்டா. எஞ்சியுள்ள செக்ரோல்களைத் தேசிய சுவடிகள் கூடத்தில் ஒப்படைப்பதைக் கம்பெனிகள் கடமையாய்க் கொள்ள வேண்டும். கம்பளைப் பக்கத்துப் பழைய பீக்கொக் தோட்டத்திலுள்ள தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைப் போன்ற முயற்சிகளுக்கு நாம் தோள்கொடுக்க வேண்டும். நம் ஆசிரியர்கள் மாணவர்க்கு இக்கையெழுத்துகளை வாசிக்கப் பயிற்ற வேண்டும்.

வாசகர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறவுங்கள். ஒவ்வொரு தாளும் யாருடையது, அவர் யாருக்கு என்ன முறை என்பதை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். கேட்டால் சொல்லக்கூடியவர் இன்று வீட்டில் இருக்கிறார்.